நிகழ்த்துவோரும் ஆராய்வோரும்: ஆனைக்கரை வட்டாரங்களில் கலை, இசை, கல்வி ஆய்வுகள்

கலை ஆய்வு என்னும் தொடர் இன்று பல்கலைக்கழகங்களில் இருவேறு செயல்களைக் குறித்து வழங்குகிறது. நிகழ்ந்து முடிந்த அல்லது நிகழ்ந்துகொண்டிருக்கும் ஒரு கலையை வெளியிலிருந்து நோக்கி, அதன் வரலாறு, இலக்கணம், சமூகப் பின்புலம் ஆகியவற்றை எழுத்தில் நிறுவுவது ஒன்று. இதனைப் புலமை ஆய்வு எனலாம். ஒரு கேள்விக்கு விடை தேடும் வழியாகவே பாடுவதும் ஆடுவதும் கருவி செய்வதும் பாவை வெட்டுவதும் மற்றொன்று. இதனைப் படைப்புவழி ஆய்வு என்பர். லண்டன் அரச கலைக் கல்லூரியைச் சேர்ந்த கிறிஸ்டோபர் ஃப்ரெய்லிங் 1993-இல் கலையைப் பற்றிய ஆய்வு, கலையின் வழியாக நிகழும் ஆய்வு, கலைக்காகச் செய்யப்படும் ஆய்வு என மூன்றாகப் பகுத்துக் காட்டினார். அந்தப் பகுப்பு, மேடையிலும் பட்டறையிலும் விளையும் அறிவுக்கு ஆய்வுப் பட்டம் வழங்கலாமா என்று மேலைப் பல்கலைக்கழகங்களில் நடந்த விவாதங்களுக்கு அடிப்படையாக அமைந்தது. ஆனால் தமிழும் மலையாளமும் கலந்து வழங்கும் மேற்குமலைத் தொடரின் எல்லைப்புறத்தில், நிகழ்த்துவோரே ஆராய்வோராகவும் விளங்கும் மரபு பல தலைமுறைகளாக இருந்துவருகிறது. அதனை ஆய்வென்று ஏற்பதற்குக் கல்வி நிறுவனங்களே பின்தங்கி நிற்கின்றன.

கேரளத்தில் ஆனைக்கரை என்னும் பெயருடன் இரண்டு ஊர்கள் உள்ளன. ஒன்று பாலக்காடு மாவட்டத்தின் மேற்கு ஓரத்தில், பாரதப்புழைக்கு அருகே, பட்டாம்பி வட்டத்தில் அமைந்தது. மற்றொன்று இடுக்கி மாவட்டத்து ஏலமலையில், குமுளிக்கு வடக்கே, தேனி மாவட்ட எல்லையை ஒட்டி அமைந்தது. இவ்விரு வட்டாரங்களும் 1956 நவம்பர் 1-ஆம் நாள் மொழிவழி மாநிலங்கள் உருவானபோது கேரளத்தில் சேர்ந்தன. பிரிட்டிஷ் ஆட்சிக் காலத்தில் பாலக்காடு சென்னை மாகாணத்தின் மலபார் மாவட்டத்திலும், இன்று பாலக்காடு மாவட்டத்தில் உள்ள சித்தூர் கொச்சி அரசிலும், இடுக்கி மலைகள் திருவிதாங்கூரிலும் இருந்தன. நிலம் மொழிவழியே பிரிக்கப்பட்டபோது ஆய்வுத்துறைகளும் அவ்வாறே பிரிந்தன. தமிழ்த்துறைகளின் பார்வை பெரும்பாலும் மாநில எல்லையிலுள்ள வாளையாற்றுடனும் குமுளியுடனும் நின்றுவிட, மலையாள ஆய்வுலகம் தமிழில் பாடப்படும் தன் மண்ணின் கலைகளைக் கோயிற்சடங்கு என்னும் தலைப்பின்கீழ் அடக்கியது. இந்த இடைவெளியில் விழுந்தவற்றுள் முதன்மையானது தோல்பாவைக்கூத்து.

தோல்பாவைக்கூத்து: உரையே ஆய்வாகும் இடம்

தோல்பாவைக்கூத்து என்பது பாலக்காடு, திருச்சூர், மலப்புறம் மாவட்டங்களில் பாரதப்புழையின் இருகரைகளிலும் உள்ள பகவதி கோயில்களில், ஏறத்தாழ ஜனவரி முதல் மே வரையிலான மாதங்களில் இரவுதோறும் நிகழ்த்தப்படும் நிழற்கூத்தாகும். இதன் மூலநூல் கம்பராமாயணம். தாரிகன் என்னும் அசுரனுடன் போரிட்டுக்கொண்டிருந்தமையால் இராம இராவணப் போரைக் காண இயலாது போன பத்திரகாளிக்கு, அக்கதையை ஆண்டுதோறும் நிழலாகக் காட்டுவதே இக்கூத்தின் நோக்கம் என்று மரபு கூறும். கோயில் வளாகத்தில் இதற்கென்றே நிலையாகக் கட்டப்பட்ட நீண்ட மேடைக்குக் கூத்துமாடம் என்று பெயர். மேற்பகுதி வெள்ளையும் கீழ்ப்பகுதி கறுப்புமாகக் கட்டப்படும் திரைக்குப் பின்னே இருபத்தொரு விளக்குகள் வரிசையாக எரிய, மான்தோல் முதலியவற்றில் வெட்டித் துளையிட்ட பாவைகள் அவ்வொளியில் நிழலாகின்றன. கூத்து ஏழு இரவுகளில் முடிவதும் உண்டு. இருபத்தொன்று, நாற்பத்தொன்று, எழுபத்தொன்று என நீள்வதும் உண்டு. காவளப்பாறையை அடுத்த ஆரியங்காவுக் கோயிலின் கூத்துமாடம் இம்மரபின் பெயர்பெற்ற களங்களுள் ஒன்றாகும்.

பாவையை ஆட்டுபவர் இங்கே ஆட்டக்காரர் என்று அழைக்கப்படுவதில்லை. புலவர் என்றே அழைக்கப்படுகிறார். அப்பெயருக்கு அவர் செய்யும் பணியே சான்று. கம்பனின் விருத்தத்தைப் பாடியதும் அவர் பதம் பிரித்துப் பொருள் கூறுகிறார். அதன்பின் இலக்கணம், சோதிடம், மருத்துவம், தருக்கம், பிற புராணங்கள் ஆகியவற்றிலிருந்து சான்று காட்டி விரித்துரைக்கிறார். அவ்விரிவுக்கு எதிரே மற்றொரு பாவையின் குரலில் இன்னொரு புலவர் ஐயம் எழுப்ப, முதல் புலவர் விடை சொல்ல, ஒரு செய்யுளைச் சுற்றிய உரையாடல் நெடுநேரம் நீள்கிறது. செய்யுள் தமிழில் இருக்க, உரை மலையாளம் கலந்த தமிழில் அமைகிறது. பாடல்களையும் உரையையும் நிகழ்த்துமுறையையும் சேர்த்துத் தொகுத்த ஏட்டு மரபுக்கு ஆடல்பற்று என்று பெயர். அதனை மனத்தில் ஏற்றிக்கொள்ளவும், அதற்கு அப்பால் சென்று சபையில் வாதிடவும் பல்லாண்டுப் பயிற்சி வேண்டும். பரிமேலழகரும் அடியார்க்குநல்லாரும் ஏட்டில் செய்த உரைப்பணிக்கும் கூத்துமாடத்தில் இரவெல்லாம் நிகழும் இப்பணிக்கும் தன்மையால் வேறுபாடு மிகக் குறைவு. முன்னது நூலாக நிலைத்தமையால் புலமை எனப் பெயர் பெற்றது; பின்னது விடிந்ததும் கலைந்துவிடுவதால் நாட்டார் வழக்கு எனப் பெயர் பெற்றது.

இக்கூத்தினைப் பற்றிய மிக விரிவான நூலை எழுதியவர் நாட்டார் வழக்காற்றியலாளர் ஸ்டூவர்ட் பிளாக்பர்ன். தென்தமிழகத்து வில்லுப்பாட்டைப் பற்றி முன்னரே நூல் எழுதியிருந்த அவர், தோல்பாவைக்கூத்து பற்றிய தம் ஆய்வை 1996-இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகப் பதிப்பாக ஆங்கிலத்தில் வெளியிட்டார். அவரைப் பெரிதும் ஈர்த்த செய்தி, பல இரவுகளில் திரைக்கு முன்னே பார்ப்பவர் எவரும் இல்லை என்பதாகும். பார்வையாளரே இல்லாத கூத்தில் இத்தனை நுட்பமான வாதங்கள் யாருக்காக என்னும் வினாவை எழுப்பிய அவர், திரைக்குப் பின்னுள்ள புலவர்களே ஒருவருக்கொருவர் அவையாகின்றனர் என்று விடை கண்டார். கோயிலிலுள்ள தேவியையும் சேர்த்துக்கொண்டால் அந்த அவை நிறைவு பெறுகிறது. ஆய்வாளர்கள் தமக்குள் விவாதிக்கும் கருத்தரங்கு ஒன்றுடன் இதனை ஒப்பிட எவரும் தயங்க வேண்டியதில்லை.

அவ்விவாதத்தின் விளைவாக மூலநூலே மறுவாசிப்புக்கு உள்ளாகிறது. கம்பனில் இல்லாத சம்புகுமாரன் கதை கூத்தில் இடம்பெறுகிறது. தவத்தில் இருந்த சூர்ப்பணகையின் மகன் இலக்குவன் கையால் இறந்துபடுவதாக வரும் அப்பகுதி, பின்னர் வனத்தில் அவள் தோன்றுவதற்கு வேறொரு காரணத்தை அளித்து, அவளை வெறும் காமுகியாக மட்டும் காண இயலாதபடி செய்துவிடுகிறது. பக்தி நோக்கில் ஒருமுகப்பட்ட கதையை அறச்சிக்கல்கள் மிகுந்த கதையாக மீண்டும் திறந்துவைக்கும் இத்தகைய தலையீடுகள், காப்பியத் திறனாய்வு என்னும் பெயருக்கு முழுவதும் உரியவை. ஆயினும் தமிழகத்தில் வெளிவந்துள்ள கம்பராமாயணத் திறனாய்வு நூல்களில் இப்புலவர்களின் விளக்கங்கள் மேற்கோளாக எடுத்தாளப்படுவது அரிது. கம்பனுக்குத் தலைமுறை தலைமுறையாக இரவெல்லாம் பொருள் கூறிவந்த ஒரு கூட்டத்தைக் கம்ப ஆய்வு கண்டுகொள்ளாமல் விட்டது சிறிய இழப்பன்று.

கூனத்தறையைச் சேர்ந்த கிருஷ்ணன்குட்டிப் புலவர் இக்கலை கோயிலுக்கு வெளியேயும் உயிர்வாழ வேண்டும் என்று கருதிச் சுருக்கிய வடிவங்களை உருவாக்கினார். ஏழு முதல் எழுபத்தொரு இரவு வரை நீளும் ஒன்றை ஒரு மணிநேர நிகழ்வாக்குவது வெட்டியொட்டும் வேலையன்று. எந்தச் செய்யுள் இன்றியமையாதது, எந்த உரையை நீக்கினால் கதை சிதையும், நிழலின் இயக்கத்தால் எதனைச் சொல்லாமலே உணர்த்த முடியும் என்னும் வினாக்களுக்கு ஒவ்வொரு முறையும் விடை காண வேண்டியிருந்தது. அவர் மகன் ராமச்சந்திரப் புலவர் காந்தியின் வாழ்வையும் பிற புதிய கதைகளையும் பாவையாக்கினார். அவருக்கு 2021-இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. ஆண்களுக்கு மட்டுமே உரியதாயிருந்த இக்கூத்தினைக் குடும்பத்துப் பெண்கள் தனிக்குழுவாக நிகழ்த்தத் தொடங்கியதும், இயந்திரக் கைகள் பாவைகளை ஆட்டும் அமைப்பு ஒன்று பாலக்காட்டில் சோதனை செய்யப்பட்டதும் அக்கால அளவில் நிகழ்ந்தவையே. பெண்கள் குழு எழுப்பும் வினா முதன்மையானது. உரை சொல்லும் உரிமை கைமாறும்போது சீதையைப் பற்றியும் சூர்ப்பணகையைப் பற்றியும் சொல்லப்படும் உரை மாறுமா என்பதைப் பதிவு செய்யும் வாய்ப்பு இத்தலைமுறை ஆய்வாளருக்கே கிட்டியுள்ளது. இயந்திரப் பாவை அசைவை மட்டுமே மீட்டுத் தருகிறது. புலவரின் வாதத்தை அது தொடவில்லை.

தமிழகத்தில் மராத்தி பேசும் மண்டிகர் குடும்பங்கள் நிகழ்த்தும் தோற்பாவை நிழற்கூத்தினை ஆராய்ந்தவர்களுள் மு. ராமசாமி தாமே நாடக இயக்குநரும் நடிகருமாவார். நிகழ்த்துவோர் ஆய்வு செய்யும்போது குரல், ஒளி, நேரக்கணக்கு போன்றவை அடிக்குறிப்பிலிருந்து கட்டுரையின் நடுவுக்கு வந்துவிடுகின்றன. இவ்விரு நிழற்கூத்து மரபுகளையும் அருகருகே வைத்து ஆராயும் பணி இன்னும் விரிவாக நடைபெற வேண்டும்.

இவ்விடத்தில் ஒரு வரையறை தேவைப்படுகிறது. எல்லா நிகழ்த்துதலும் ஆய்வாகிவிடாது; அப்படிச் சொல்வது கலைக்கும் ஆய்வுக்கும் ஒருசேரக் கேடு. தெளிவான ஒரு வினா, அவ்வினாவுக்கேற்ற வழிமுறை, பெற்ற விடையைப் பிறர் சோதித்துப் பார்க்கத்தக்க ஏதேனும் ஒரு தடம் ஆகியவை இருக்கும் இடத்தில் மட்டுமே படைப்புவழி ஆய்வு என்னும் பெயர் பொருந்தும். அத்தடம் கட்டுரையாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. ஐயம் எழுப்பவும் மறுக்கவும் வல்ல இன்னொரு புலவர் அருகில் இருப்பதே கூத்துமாடத்தில் அச்சோதனையாகிறது. அந்த இன்னொருவர் இல்லாமற்போகும் நாளில் உரை மனப்பாடமாகச் சுருங்கிவிடும் என்பதால், இக்கலையைக் காப்பது என்பது பாவைகளைக் காட்சியகத்தில் வைப்பதைவிட வாதிடத் தெரிந்த இருவரை உருவாக்குவதாகவே இருக்க முடியும்.

இசை: கையும் காதும் செய்த சோதனைகள்

தமிழிசை ஆய்வு அதன் தொடக்கத்திலேயே செயலோடு இணைந்திருந்தது. தஞ்சாவூர் ஆபிரகாம் பண்டிதர் 1912 முதல் இசை மாநாடுகளைத் தம் செலவில் கூட்டி, 1916-இல் பரோடாவில் நடந்த அனைத்திந்திய இசை மாநாட்டில் சுருதிகளைப் பற்றிய தம் கொள்கையைத் தம் மகள்களைப் பாடியும் வீணை வாசித்தும் மெய்ப்பிக்கச் செய்து, 1917-இல் ‘கருணாமிர்த சாகரம்’ என்னும் பெருநூலை வெளியிட்டார். மட்டக்களப்பைச் சேர்ந்த விபுலாநந்த அடிகள் அறிவியல் பட்டதாரி. சிலப்பதிகார அரங்கேற்று காதையையும் அதன் உரையையும் கணக்கியல் நோக்கில் ஆராய்ந்து, மறைந்துபோன யாழின் வடிவையும் நரம்பமைதியையும் மீட்டெடுக்க முயன்று, 1947-இல் ‘யாழ் நூல்’ வெளியிட்டார். கேட்க இயலாத ஓர் ஒலியைக் கணக்கிட்டுக் கேட்கச் செய்யும் அம்முயற்சியில் படைப்புக்கும் புலமைக்கும் இடையே கோடு போடுவது எளிதன்று.

பாலக்காட்டு இசைமரபு இவ்வகைப் பெருநூல்களை விட்டுச் செல்லவில்லை. மிருதங்கத்தையும் குரலையுமே ஆய்வுக்களமாக்கியது. பாலக்காடு மணி அய்யர் (1912–1981) மிருதங்கத்தைப் பாட்டின் அமைப்போடு ஒன்றி ஒலிக்கும் கருவியாக்கியவர். மிருதங்கக் கலைஞருக்குச் சென்னை மியூசிக் அகாதெமியின் சங்கீத கலாநிதி விருது முதன்முறையாகக் கிடைத்தது 1966-இல் அவருக்கே. ஒலிபெருக்கி மிருதங்கத்தின் நாதத்தைத் திரித்துவிடுகிறது என்று கருதிய அவர், பிற்காலத்தில் அதனை வைத்து நடத்தும் கச்சேரிகளைத் தவிர்த்தார். அது பிடிவாதம் என்று அக்காலத்தில் பேசப்பட்டதாயினும், ஒலியியல் நோக்கில் அது ஆய்வாளர் ஒருவருடைய நிலைப்பாடேயாகும். வலந்தலையின் நடுவே படிந்துள்ள கரணை என்னும் கரும்பூச்சின் எடைப்பரவலால்தான் மிருதங்கமும் தபலாவும் மற்ற தோற்கருவிகளில் இல்லாத இசைவான மேற்சுரங்களைத் தருகின்றன என்பதை ச.வெ. இராமன் சிவகாளி குமாருடன் இணைந்து 1920-இல் எடுத்துக்காட்டினார். அந்த மேற்சுரங்களையே மணி அய்யரின் காது காக்க விரும்பியது.

அந்நாதத்தை உருவாக்கியவர் அவர் ஒருவர் மட்டுமல்லர். டி.எம். கிருஷ்ணா மிருதங்கம் செய்வோரைப் பற்றி 2020-இல் வெளியிட்ட ஆங்கில நூல், மணி அய்யருக்கு மிருதங்கம் செய்துகொடுத்த தஞ்சாவூர் பர்லாந்து என்னும் கைவினைஞரின் பங்கினை விரிவாகப் பேசுகிறது. தோலைத் தேர்வதும், அடுக்குகளின் கனத்தை மாற்றுவதும், வாசித்துக் கேட்டு மீண்டும் பிரித்துக் கட்டுவதுமாக இருவரும் ஆண்டுக்கணக்கில் செய்தவை, கருதுகோளும் சோதனையும் திருத்தமும் கொண்ட முறையான ஆய்வே. இசை வரலாறு வாசித்தவரின் பெயரை எழுதிவைத்தது. தோலைத் தொட்டவரின் பெயரைச் சாதி காரணமாக எழுதாமல் விட்டது. கலையறிவு யாரிடம் இருக்கிறது என்னும் வினாவை எழுப்பாமல் நடத்தப்படும் கலை ஆய்வு எதுவும் இந்த அநீதியைத் தொடரச் செய்வதாகவே முடியும்.

பாலக்காட்டு மஞ்சப்பிரையில் பிறந்த எம்.டி. ராமநாதன் (1923–1984) இயற்பியல் பட்டம் பெற்றபின் சென்னைக் கலாக்ஷேத்திராவில் டைகர் வரதாச்சாரியாரிடம் பயின்று, அங்கேயே ஆசிரியராகவும் பின்னர் முதல்வராகவும் பணியாற்றி, முந்நூறு அளவிலான உருப்படிகளையும் இயற்றினார். விளம்ப காலத்தில், அதாவது மிக மெதுவான நடையில், ஒரு கீர்த்தனையைப் பாடினால் அதன் சொல்லுக்கும் சுரத்துக்கும் இடையே என்னென்ன வெளிப்படும் என்று வாழ்நாள் முழுவதும் அவர் சோதித்துக்கொண்டிருந்தார். அவருடைய பாணியைப் பற்றிய ரசனைக் கட்டுரைகளுக்குக் குறைவில்லை. அந்த நடையைக் கால அளவோடு ஆராயும் பணிக்கு அவர் பதிவுகளே போதிய தரவுகளாகும்.

மேலைநாட்டு இசையியலும் இதே வேளையில் செயல்வழியை நோக்கித் திரும்பியது. ஒரு பண்பாட்டின் இசையை ஆராய்பவர் அதனை வாசிக்கவும் பாடவும் கற்றாக வேண்டும் என்னும் இருஇசைத் தேர்ச்சிக் கொள்கையை மான்டில் ஹூட் 1960-இல் முன்வைத்தார். அவர் மாணவர் ராபர்ட் பிரவுன் மிருதங்கத்தைக் கற்றே அதனைப் பற்றிய முனைவர் பட்ட ஆய்வை 1965-இல் நிறைவுசெய்தார். பிரவுன் பணியாற்றிய அமெரிக்க வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் பாலக்காடு கே.வி. நாராயணசாமி 1960-களில் ஆசிரியராக இருந்தார். பட்டம் இல்லாத வித்துவான் ஒருவரைப் பல்கலைக்கழக ஆசிரியராக அமர்த்த அங்கு இயன்றது. இந்தியாவில் துறை வல்லுநர்களை முறையான பட்டத் தகுதி கேளாமல் பேராசிரியர்களாக அமர்த்தும் நெறிமுறையைப் பல்கலைக்கழக மானியக் குழு 2022-இல்தான் வெளியிட்டது.

மலைக்கூத்தும் மதிப்பீட்டின் அளவுகோலும்

இடுக்கியில் வினா வேறு வடிவம் கொள்கிறது. கட்டப்பனைக்கு அருகேயுள்ள கோவில்மலையைத் தலைமையிடமாகக் கொண்டு, இன்றும் தமக்கென அரசரை உடைய மன்னான் பழங்குடியினர் தமிழோடு நெருங்கிய ஒரு மொழியைப் பேசுகின்றனர். மதுரையிலிருந்து மலையேறி வந்ததாக அவர்களது மரபு கூறுகிறது. அவர்களுடைய கூத்து கோவலன் கண்ணகி கதையைப் பாட்டாலும் ஆட்டத்தாலும் இரவு நெடுகச் சொல்வது. அவர்கள் வாழும் அதே மலைத்தொடரில், பெரியாறு காட்டின் உச்சியில், சித்திரை முழுநிலவு நாளில் மட்டும் தேனி, இடுக்கி இரு மாவட்ட நிருவாகங்களின் ஏற்பாட்டில் மக்கள் செல்ல அனுமதிக்கப்படும் மங்கலதேவி கண்ணகி கோயில் நிற்கிறது.

சிலப்பதிகாரத்தை உ.வே. சாமிநாதையர் 1892-இல் பதிப்பித்தது முதல் அதன் இசையையும் கூத்தையும் பற்றித் தமிழில் எழுதப்பட்டவை ஏராளம். ஆயினும் அவ்வாய்வுகள் அரங்கேற்று காதையின் ஏட்டுச் சொற்களை நுணுகிப் பார்த்த அளவுக்கு, கண்ணகி கதை பாடப்படும் ஏலமலைக் குடிகளின் கூத்தினைப் பார்க்கவில்லை. இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. மன்னான் கூத்தில் இளங்கோவின் காலத்து இசை அப்படியே உறைந்திருக்கிறது என்று கொள்வது வரலாற்று முறைக்குப் பொருந்தாது. கோவலன் கதை தமிழ்நாட்டிலும் ஈழத்திலும் கதைப்பாடலாகவும் வழிபாட்டுப் பாடலாகவும் பல வடிவங்களில் வழங்கிவந்துள்ளது. மன்னான் கூத்து அவற்றுள் எதனோடு உறவுடையது, மலையில் எவ்வாறு மாறியது என்பவற்றைப் பாடலைப் பதிந்து ஒப்பிட்டே சொல்ல இயலும். அவ்வொப்பீட்டை மன்னான் பாடகர்களைத் தகவலாளிகள் என்னும் நிலையில் வைத்துச் செய்வதைவிட, தம் பாட்டின் உரையாசிரியர்களாக அமர்த்திச் செய்வதே நேரிய வழியாகும். தகவலாளி என்னும் சொல்லாட்சி களப்பணி நூல்களில் பழகிப்போனதெனினும், அறிவு ஒருவரிடமும் விளக்கம் மற்றொருவரிடமும் இருப்பதாக அது முன்கூட்டியே தீர்மானித்துவிடுகிறது.

இத்தீர்மானத்தின் விளைவைப் பாலக்காட்டு அட்டப்பாடி அண்மையில் வெளிப்படுத்தியது. இருளர் சமூகத்தைச் சேர்ந்த நஞ்சியம்மா, ‘அய்யப்பனும் கோஷியும்’ திரைப்படத்தில் தம் மொழியில் பாடிய பாட்டுக்காக, 2020-ஆம் ஆண்டுக்கான சிறந்த பின்னணிப் பாடகி என்னும் தேசிய விருதை 2022-இல் பெற்றார். முறைப்படி சங்கீதம் பயிலாத ஒருவருக்கு இவ்விருது தகுமா என்று இசைத்துறையைச் சேர்ந்த சிலர் கேட்டனர். பலர் அக்கேள்வியைக் கண்டித்தனர். கண்டித்தவர்களிலும் பெரும்பாலோர் அவர் குரலின் இயல்பையும் உணர்ச்சியையும் போற்றினார்களேயன்றி, இருளர் பாட்டுக்குச் சொந்தமான தாளமும் சுரவரிசையும் பயிற்சிமுறையும் இருக்கின்றன என்று எடுத்துக்காட்டியவர்கள் குறைவு. எடுத்துக்காட்டத் தேவையான ஆய்வு போதிய அளவில் இல்லாமையே அதற்குக் காரணம். ஆய்வு இல்லாத இடத்தில் இகழ்ச்சியைப் போலவே புகழ்ச்சியும் மேலெழுந்தவாரியாக நின்றுவிடுகிறது.

கல்வி: வகுப்பறைக்குள் வரும் கலை

பாலக்காட்டு ஆனைக்கரைக்குக் கலைக்கல்வி வரலாற்றில் தனி இடம் உண்டு. அவ்வூரின் வடக்கத்துக் குடும்பத்தைச் சேர்ந்த அம்மு சுவாமிநாதன் அரசியல் நிர்ணய சபை உறுப்பினர். பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த வழக்கறிஞர் சுவாமிநாதன் அவருடைய கணவர். அவர்களின் மகள் மிருணாளினி சாராபாய் (1918–2016) தாகூரின் சாந்திநிகேதனில் பயின்று, பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பரதமும் தகழி குஞ்சு குருப்பிடம் கதகளியும் கற்று, 1949-இல் அகமதாபாத்தில் தர்ப்பணா நிகழ்கலை நிறுவனத்தைத் தொடங்கினார். 1960-களின் தொடக்கத்தில், குஜராத்தில் இளம்பெண்கள் மடிந்துபோவதைப் பற்றிய செய்திகள் அவரைத் தொட்டபோது, அதனை வினாவாகக் கொண்டு நடனப் படைப்பொன்றை ஆக்கினார். தெய்வத்தையும் தலைவனையும் பாடிவந்த பரதத்தின் ஜதிகளால் ஒரு பெண்ணின் சமகாலத் துயரத்தைச் சொல்ல முடியுமா என்று அப்படைப்பு சோதித்தது. தர்ப்பணாவில் பொம்மலாட்டத் துறையை மெஹர் கான்டிராக்டர் வளர்த்தெடுத்து, பாவைகளைப் பள்ளிக் கல்விக்கான கருவியாகவும் இந்திய நிழற்கூத்துகளைப் பற்றிய ஆய்வுக்கான களமாகவும் ஆக்கினார். மேடையும் வகுப்பறையும் ஆய்வுக்கூடமும் ஒரே கூரையின்கீழ் இயங்கும் நிறுவனம் எத்தகையது என்பதற்கு இது சிறந்த சான்று. பாரதப்புழையின் கரையில், செறுதுருத்தியில் இயங்கும், வள்ளத்தோள் நாராயண மேனன் 1930-இல் நிறுவிய கேரள கலாமண்டலம் பிற்காலத்தில் நிகர்நிலைப் பல்கலைக்கழகமாகி முனைவர் பட்டமும் வழங்குகிறது. அங்கே அதிகாலைச் சாதகமும் ஆய்வேட்டின் அத்தியாயமும் ஒன்றையொன்று வளர்க்கும் அளவுக்குப் பாடத்திட்டம் நெருங்கிவிட்டதாகச் சொல்ல இயலாது.

பாலக்காடு மாவட்ட ஆசிரியர் கல்வி பயிற்சி நிறுவனம் ஆனைக்கரையிலேயே இயங்குகிறது. 1986-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையின் வழியே உருவான இத்தகைய நிறுவனங்களின் பணிகளுள் வகுப்பறை சார்ந்த செயலாய்வும் ஒன்று. செயலாய்வு என்பது ஆசிரியர் தம் வகுப்பில் எழும் சிக்கலைத் தாமே ஆராய்ந்து, தாமே மாற்றம் செய்து, விளைவைத் தாமே மதிப்பிடும் முறை. படைப்புவழி ஆய்வுக்குக் கல்வித்துறையில் உள்ள உடன்பிறப்பு என்று இதனைக் கூறலாம். பத்தாம் வகுப்பு வரை கலைகள் பாடத்திட்டத்தின் கட்டாயப் பகுதியாக வேண்டும் என்று 2005-ஆம் ஆண்டின் தேசியக் கலைத்திட்டத்தையொட்டிய கவனக்குழு பரிந்துரைத்தது. நடைமுறையில் கலை பெரும்பாலும் போட்டி நாளுக்குரியதாகவே நின்றது.

அப்போட்டியின் உச்சமான கேரளப் பள்ளிக் கலோத்சவம் 1957 முதல் நடைபெற்று வருகிறது. 2025 ஜனவரியில் திருவனந்தபுரத்தில் நடந்த விழாவில் மங்கலங்களி, பணிய நிருத்தம், இருள நிருத்தம், பளிய நிருத்தம், மலைப்புலையர் ஆட்டம் ஆகிய ஐந்து பழங்குடிக் கலைகள் முதன்முறையாகப் போட்டிகளாகச் சேர்க்கப்பட்டன. இவற்றுள் இருளர் ஆட்டம் பாலக்காட்டு அட்டப்பாடியையும், பளியர் ஆட்டமும் மலைப்புலையர் ஆட்டமும் இடுக்கியின் குமுளி, மறையூர்ப் பகுதிகளையும் சேர்ந்தவை. மூன்றுமே தமிழோடு உறவுடைய மொழிகளில் பாடப்படுபவை. நூற்றாண்டுகளாக ஊருக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்களின் கலை மாநில மேடைக்கு வந்தது மகிழ்ந்து வரவேற்கத்தக்கது. அதே வேளையில், கூடி ஆடும் சடங்கு குறித்த நிமிடங்களுக்குள் அடங்கும் போட்டியாக மாறும்போது என்ன நிகழ்கிறது என்பதை உடனுக்குடன் ஆராய வேண்டிய பொறுப்பும் பிறந்துவிட்டது. ஆட்டம் முடியும் நேரத்தை மணியடித்து அறிவித்தால், ஆடுவோரின் களைப்பும் களிப்பும் தீர்மானித்துவந்த அதன் கட்டமைப்பு குலையக்கூடும். மதிப்பெண் வழங்கும் நடுவர் எந்த அளவுகோலால் அளப்பார், அந்த அளவுகோலை வகுக்கும் உரிமை அட்டப்பாடியின் மூப்பருக்கும் மறையூரின் குடித்தலைவருக்கும் உண்டா, பிற சமூகத்து மாணவருக்கு இதனைக் கற்பிக்கும் ஆசிரியர் யாரிடம் கற்றார் என்பவை முதல் வினாக்கள். பரதத்துக்கும் மோகினியாட்டத்துக்கும் எழுதிய மதிப்பீட்டுப் படிவத்தைச் சிறிது திருத்தி இவற்றுக்கும் பயன்படுத்தினால், சில ஆண்டுகளுக்குள் மாநிலம் முழுவதும் ஒரே சீருடையும் ஒரே அடவும் கொண்ட போட்டி வடிவம் உருவாகி, மலையிலுள்ள வடிவம் தவறானதாகக் கருதப்படும் நிலை வரலாம். மற்றக் கலைகளில் இது முன்னரே நிகழ்ந்துள்ளது.

இவ்வினாக்களுக்கு விடை காணத்தக்க ஆய்வாளர்கள் இவ்வட்டாரத்திலேயே இருக்கின்றனர். சித்தூர், தேவிகுளம், பீர்மேடு வட்டங்களின் தமிழ்வழிப் பள்ளிகளில் கற்பிக்கும் ஆசிரியர்களும், சித்தூர் அரசுக் கல்லூரி, மூணாறு அரசுக் கல்லூரி ஆகியவற்றின் தமிழ்த்துறைகளில் பயிலும் மாணவர்களும் இருமொழியும் அறிந்தவர்கள். பலர் இக்கலைகள் ஆடப்படும் ஊர்களிலிருந்தே வருபவர்கள். கம்பனின் செய்யுளுக்குக் கூனத்தறைப் புலவர் சொல்லும் உரையை எழுத்தாக்கவும், மன்னான் கூத்தின் பாடல்களைக் கோவலன் கதைப்பாடல்களோடு ஒப்பிடவும், பளியர் ஆட்டத்தின் தாளக்கட்டுகளைப் பளியச் சிறுவர்களோடு சேர்ந்து குறிக்கவும் வேண்டிய மொழியறிவு சென்னையிலோ திருவனந்தபுரத்திலோ உள்ள ஆய்வாளரைவிட அவர்களிடமே மிகுதி. அவ்வாறு தொகுப்பவற்றின் ஒலிப்பதிவும் எழுத்துப்படியும் பல்கலைக்கழக நூலகத்துக்குச் செல்வதற்கு முன் அந்தந்த ஊரின் கூத்துமாடத்துக்கும் ஊர்ச்சாவடிக்கும் பள்ளிக்கும் சென்று சேர்வதும், பாடியவரின் பெயர் நூலின் முகப்பில் ஆசிரியர் பெயருக்கு இணையாக இடம்பெறுவதும், பழந்தமிழ் உரையாசிரியர்களை மேற்கோள் காட்டும் அதே முறையில் புலவரின் கூற்றும் பெயர், இடம், நாள் குறித்து மேற்கோளாக அமைவதும், ஆய்வேடுகளை ஏற்கும் பல்கலைக்கழகங்கள் இப்போதே விதியாக்கக் கூடியவை.